ஓரத்தில் நிற்பவர்கள் ஏன் குண்டாகிறார்கள்

மகளுடைய கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்த என் அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"மண்டபத்துக்கு வருவேன். எல்லா வேலையும் பார்ப்பேன். ஆனா மேடையேறி போட்டோவுக்கு மட்டும் நிக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். அன்னிக்கு வந்து கையைப் புடிச்சு இழுக்கற வேலை வச்சுக்காதே."

நான் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கண்ணில் தண்ணீர். இன்னும் கொஞ்சம் வெங்காயம் உரித்தேன்.

அக்கா என்னைவிட மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மயிலாப்பூரில் எங்களோடு இருக்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் நாங்கள்தான் அவளோடு இருக்கிறோம். என் மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் ஷிப்ட் வேலை. நான் போட்டோகிராபர், முகூர்த்த நாளில் விடியும் முன் கிளம்பினால் எப்போது திரும்புவேன் என்று எனக்கே தெரியாது. ஆகவே மகளுக்கு எண்ணெய் தேய்த்தது, பேன் பார்த்தது, மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸோடு ஸ்கூல் வேனுக்குப் பின்னால் ஓடியது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் அக்காதான். அந்தப் பெண்ணுடைய கல்யாணப் படத்தில் அக்கா இல்லாமல் நாங்கள் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால் அது என்ன படம்? வருஷக் கணக்கில் சுவரில் தொங்கப்போகிற படம். பார்க்கிற ஒவ்வொருத்தரும் "அத்தை எங்க?" என்று கேட்கப்போகிற படம்.

அவள் ஏன் வரமாட்டேன் என்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நிச்சயதார்த்தப் படம்தான் காரணம்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டு ஹாலிலேயே நடந்தது. அந்த ஹாலில் மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாவது ஆள் நின்றுகொண்டுதான் காபி குடிக்க வேண்டும். அன்றைக்கு இரண்டு குடும்பமும் உள்ளே. எல்லோரையும் ஒரே படத்தில் எடு என்றார்கள். நான் பிரிட்ஜில் முதுகு ஒட்டும்வரை பின்னால் போனேன். அதற்கு மேல் போக இடமில்லை. வைட் லென்ஸை மாட்டினேன். கிட்டத்தில் நின்றே நிறையப் பேரை ஒரு படத்துக்குள் அடக்கும் லென்ஸ் அது. அக்கா வழக்கம்போல இடது கோடியில் நின்றாள். எடுத்தேன். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தது.

அன்று சாயங்காலம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது நிம்மதி போய்விட்டது. நடுவில் இருந்த பெண்ணும் மாப்பிள்ளையும் அளவாக, அழகாக இருந்தார்கள். கோடியில் அக்கா, பரோட்டாவுக்கு இழுத்துப் போட்ட மாவு மாதிரி அகலமாகிக் கிடந்தாள். ஒரு கன்னம் படத்தை விட்டு வெளியே ஓடப் பார்த்தது. தோள் பயில்வான் தோள். நிஜத்தில் அக்கா குச்சி. காற்றடித்தால் புடவைதான் அவளைப் பிடித்து வைத்திருக்கிறது என்று என் மனைவி கேலி செய்வாள்.

நான் கவனிப்பதற்குள் படம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. சொந்தக்காரப் பிள்ளைகள் அக்காவின் தலையை மட்டும் வெட்டி, கீழே "சாப்ட்டாச்சா?" என்று எழுதி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். மத்தியான நேரமானால் அந்த ஸ்டிக்கர் வரும். மதுரைப் பக்கத்துச் சித்தி ஒருத்தி, "பெரியவளுக்கு உடம்பு போட்டுடுச்சே, தைராய்டு பாக்கச் சொல்லுங்க" என்று உண்மையான அக்கறையோடு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். அக்கா அதை இரண்டு முறை போட்டுக் கேட்டாள்.

அக்கா தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் வேலை பார்த்தவள். வருகிறவர்களுக்குப் புடவையைத் தன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். நாள் முழுக்க எதிரே ஆள் உயரக் கண்ணாடி. தன் கழுத்து எப்படி, இடுப்பு எப்படி, எந்தப் பக்கம் திரும்பினால் எப்படித் தெரியும் என்பது அவளுக்கு மனப்பாடம். அவளிடம் போய், நீ இப்படித்தான் இருக்கிறாய் என்று ஒரு படத்தை நீட்டினால் சும்மா இருப்பாளா?

"கண்ணாடி பொய் சொல்லுதா, உன் கேமரா பொய் சொல்லுதா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

"வைட் லென்ஸ்னா அப்படித்தான்க்கா வரும்."

"அதான் ஏன் வரும்?"

இத்தனை வருஷத் தொழிலில் எத்தனையோ பேரிடம் இந்த "அப்படித்தான் வரும்" என்ற வார்த்தையைச் சொல்லித் தப்பித்திருக்கிறேன். ஒருத்தரும் திருப்பி ஏன் என்று கேட்டதில்லை. நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன். லென்ஸ் பாடம் பத்தாவதில் வருமாம். அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே ஸ்டுடியோவில் பிலிம் கழுவும் டார்க் ரூம் வேலைக்குப் போய்விட்டேன். லென்ஸோடு வாழ்ந்திருக்கிறேன், அதன் பாடத்தைப் படிக்கவில்லை.

பொதுவாகவே நான் கவலைப்படுகிற ஆள். மண்டபத்தில் ஜெனரேட்டர் இயங்குமா, மழை வருமா, ஐயர் நேரத்துக்கு வருவாரா, பூட்டிய கதவு பூட்டியதுதானா என்று ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது எல்லாவற்றையும் தள்ளிவிட்டு இந்த ஒரே கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. காரணம் சொல்லிப் புரியவைத்துவிட்டால் அக்கா மேடை ஏறிவிடுவாள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. ஏன் அப்படி நம்பினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

யோசிக்க ஆரம்பித்ததும் குழப்பம் கூடியது. லென்ஸ் வட்டம். படம் செவ்வகம். வட்டமாக நுழைகிற வெளிச்சம் எப்படி நாலு மூலையோடு வெளியே வருகிறது? லென்ஸையே செவ்வகமாகச் செய்தால் என்ன? அது ஏன் இப்படி வயிறு முட்டிக்கொண்டு இருக்கிறது? ஒன்று குட்டையாக, ஒன்று முழங்கை நீளத்துக்கு, ஏன்? இதில் ஒன்றுகூடத் தெரியாமல் சம்பாதித்துச் சாப்பிட்டிருக்கிறேனே!

வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்குப் போய்க் கேட்டேன். கவுண்ட்டரில் இருந்தவர் நான் கேட்டதை முழுசாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் கம்பெனிக்காரன் டிசைன் சார். உங்களுக்கு ஜூம் வேணுமா, ஜூம் இல்லாதது வேணுமா?" என்றார். வந்ததற்கு ஒரு துடைக்கிற துணி வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் அதே துணி ஏழெட்டு இருக்கிறது.

யூடியூபில் தேடினேன். இங்கிலீஷில் பேசியவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். தமிழில் பேசிய ஒருவர் முதல் பாதியில் சப்ஸ்கிரைப் செய்யச் சொன்னார், மறுபாதியில் எந்த லென்ஸ் ஆஃபரில் கிடைக்கிறது என்றார். நடுவில் ஒரே ஒரு படம் காட்டினார்: லென்ஸைக் குறுக்கே அறுத்த படம். உள்ளே ஒரு கண்ணாடி இல்லை, வரிசையாகப் பல கண்ணாடிகள். ஒன்று உப்பி, ஒன்று குழிந்து, ஒன்று அப்பளம் மாதிரி மெலிந்து. ஒரே கண்ணாடியாக இருந்தால் ஓரமெல்லாம் கலங்கி, விளிம்பில் வானவில் மாதிரி நிறம் பிரியுமாம். அதைச் சரிக்கட்ட இரண்டாவது. இரண்டாவது செய்யும் கோளாறைச் சரிக்கட்ட மூன்றாவது. கூட்டுக் குடும்பம்தான். அதனால்தான் அவ்வளவு கனம், அவ்வளவு விலை. சரி, இவ்வளவு கண்ணாடி சேர்ந்து சரிக்கட்டியும் என் அக்காவை ஏன் விட்டுவிட்டார்கள்? அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

கடைசியில் மச்சானைப் பிடித்தேன். என் மனைவியின் தம்பி, இன்ஜினியரிங் படித்தவன், அடையாறில் இருக்கிறான். காபி வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். பாவம், நன்றாகத்தான் சொன்னான். டிஷ்யூ பேப்பரில் படம் எல்லாம் போட்டான். இரண்டு கண்ணாடித் துண்டை நடுவில் பொடி போட்டு எல்லாப் பக்கமும் மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டே இருந்தால் ஒன்று குழியும், ஒன்று உப்பும், இரண்டும் தானாகவே ஒரு பந்தின் மேல்தோல் மாதிரி ஆகிவிடும் என்றான். அது எனக்குப் புரிந்தது. ஆட்டுக்கல்லில் குழவியும் குழியும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போவது அப்படித்தான். வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளைக்கவும் அந்த வடிவம்தான் தோது.

"அப்ப படம் ஏன் செவ்வகம்?"

"படம் வட்டமாத்தான் விழுது மாமா. நடுவுல செவ்வகமா ஒரு தட்டு வச்சு, அது மேல விழறதை மட்டும் எடுத்துக்கறோம். மீதி வெளிய விழுந்து வீணாப் போகுது."

வட்டத் தாம்பாளத்தில் கொட்டிய மைசூர்பாகைக் கட்டம் கட்டமாக வெட்டினால் ஓரத்தில் உதிரி மிஞ்சுமே, அது மாதிரி. இதுவும் புரிந்தது. எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. பிறகு அக்கா விஷயத்துக்கு வந்தான்.

"இதுல லென்ஸ் மேல தப்பே இல்ல மாமா. ஃபிளாட்டான ஒரு பிளேன் மேல ப்ரொஜெக்ட் ஆகுது இல்லையா? ஆங்கிள் கூடக் கூட டேன் தீட்டா எகிறும். அவ்ளோதான்."

"ஓ."

"புரிஞ்சுதா?"

"ம், நல்லா."

டிஷ்யூ பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தலையாட்டித் தலையாட்டிப் பழகிய ஜென்மம். பஸ்ஸில் வரும்போது அதை எடுத்துப் பார்த்தேன். காபி பட்டு தீட்டா கரைந்திருந்தது. யார் மேல் கோபம் என்று தெரியாத கோபம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் செல்போனில் சத்தமாகப் பாட்டுக் கேட்டார். அவரை முறைத்தேன்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. கரண்ட் போனால் நான் முதலில் செய்வது கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். மூடியிருந்தது. மறுபடி பார்த்தேன். திரும்பும்போது டார்ச் வெளிச்சம் ஹால் சுவரில் ஓடியது.

நேராக அடித்தால் சுவரில் தோசை மாதிரி வட்டம். நின்ற இடத்திலேயே கையைப் பக்கவாட்டில் திருப்பத் திருப்ப, வட்டம் நீண்டு முட்டையானது. சுவரின் கோடிக்குப் போனபோது வெள்ளரிக்காய். டார்ச் அதேதான். சுவரும் அதேதான். சாய்ந்து விழுந்ததால் இழுபட்டுவிட்டது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மச்சான் சொன்ன "ஃபிளாட்" இதுதான். கேமராவுக்குள்ளே பின்பக்கம் இருப்பது ஒரு தட்டைச் சுவர். நடுவில் நிற்பவரின் தலை அதில் நேராக வந்து விழுகிறது, உருண்டையாகவே இருக்கிறது. ஓரத்தில் நிற்பவரின் தலை சாய்வாக வந்து விழுகிறது, இழுபடுகிறது. லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கிறதோ, அவ்வளவு சாய்வு. நம் கண்ணுக்குள் பின்பக்கம் இருப்பது கிண்ணம் மாதிரி வளைந்த திரை, அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. தலையை உருண்டையாகவே காட்டுகிற லென்ஸும் இருக்கிறது, மீன்கண் லென்ஸ் என்பார்கள். நானே வாடகைக்கு எடுத்து உபயோகித்திருக்கிறேன். அதில் எடுத்தால் தூணும் கதவும் வாழைப்பழமாக வளையும். ஆக, தூண் நேராக இருக்க வேண்டுமா, தலை உருண்டையாக இருக்க வேண்டுமா என்று செய்கிறவன் முடிவு செய்தாக வேண்டும். இரண்டும் ஒரே லென்ஸில் கிடைக்காது. என்னிடம் இருக்கிற வைட் லென்ஸைச் செய்தவன் தூண் பக்கம் சேர்ந்துவிட்டான்.

அக்காவைக் கூப்பிட்டு இருட்டில் நிற்கவைத்து டார்ச் அடித்துக் காட்டினேன். சந்தோஷத்தில் வேகவேகமாகப் பேசினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டாள்.

"அப்ப, செவுரு கோணாம இருக்கணும்னு என்னைப் புடிச்சு இழுத்து விட்டிருக்கான்."

"அதேதான்க்கா! செவுரு, ஜன்னல், தூணு எல்லாம் நேரா வரணும்ல?"

"நம்ம வீட்டுச் செவுத்துக்கு வெள்ளையடிச்சு எத்தனை வருஷமாச்சு. அது நேரா வந்து யாருக்குடா என்ன லாபம்?"

கரண்ட் வந்தது. விட்ட இடத்திலிருந்து சீரியல் பார்க்கப் போனாள். போகும்போது, "காரணம் தெரிஞ்சுது, நல்லது. நான் வரமாட்டேங்கறதும் தெரியும்ல?" என்றாள்.

இனி ஒரே வழிதான். படம் எடுப்பவன் நன்றாகப் பின்னால் போக வேண்டும். தூரம் கூடினால் எல்லோரையும் அடக்க அகலப் பார்வை தேவையில்லை, நீள லென்ஸ் போதும். ஓரத்தில் நிற்பவருக்கும் சாய்வு குறையும். பெண்ணைப் பெற்றவன் நானே படம் எடுக்க முடியாது என்பதால் மகளே இன்ஸ்டாகிராமில் பார்த்து ஒரு பையனை ஏற்பாடு செய்திருந்தாள். சைதாப்பேட்டைக்காரன், கெட்டிக்காரன். அவனை அழைத்துக்கொண்டு தி.நகரில் எடுத்திருந்த மண்டபத்துக்குப் போனேன். மேடையில் நின்று வாசலைக் காட்டினேன்.

"குடும்பப் படம் மட்டும் அங்கேயிருந்து எடுக்கணும் தம்பி."

"எங்க, வாசலாண்டயா? இன்னாணா, காமெடி பண்றே. நடுவுல ரொப்பி சேர் போட்டுக்கீறாங்கோ. பந்திக்குப் போற கும்பல் குறுக்க போய்க்கினே இருக்கும். பொண்ணு மாப்ளையா வுழுவாங்கோ? சாம்பார் வாளிதான் வுழும்."

"ஒரே ஒரு படம்."

"இத்தினி வருசமா நீயும் வைட்லதான எட்த்துக்கினு இருந்தே? இப்போ இன்னா திடீர்னு?"

அக்கா விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, அது பெரிய விஷயம்.

"அவ்ளோதானா? உங்க அக்காவ நடுவுல நிக்க வையிணா. மேட்டர் ஓவர்."

"அவ நடுவுல நிக்க மாட்டா. பை இருக்கு."

அவனுக்கு விளங்கவில்லை, ஆனால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு பை உண்டு. முகூர்த்தம் வரைக்கும் தாலி அதில்தான். அறைச் சாவி, மோதிரம், வந்த மொய்க் கவர்கள், பிரஷர் மாத்திரை, சேஃப்டி பின், குழந்தைக்கு மாற்று ஜட்டிகூட அதில்தான். அந்தப் பையை வைத்திருப்பவள் எல்லோரும் நம்புகிற ஒருத்தியாக இருப்பாள். அவள் கும்பலுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது, "சாவி எங்க?" என்று ஒரு குரல் வந்தால் சட்டென்று நகர வேண்டும். எங்கள் வீட்டு ஆல்பம் எதைத் திறந்தாலும் அக்கா கோடியில்தான் இருப்பாள், இடுப்புக்குப் பின்னால் ரெக்ஸின் பை எட்டிப் பார்க்கும். சொந்த மருமகள் கல்யாணத்திலும் பை அவளிடம்தான். வேறு யாரிடம் கொடுப்பது?

"செரிணா," என்றான் அவன். "உனுக்கோசரம் வாசல்லேர்ந்து எட்த்துத் தர்றேன். ஆனா சேரு நீதான் நவுத்தணும். நான் அதுக்கு ஆளில்ல."

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் நான் சேர் நகர்த்த ஆரம்பித்தேன். பெண்ணின் அப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேர் இழுத்தால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், "ஏதாவது ஓட்டை ஒழுகலா?" என்று மேலே பார்த்தார். இல்லைங்க, போட்டோவுக்கு என்றேன். நடுவில் ஒரு பாதை கிடைத்தது. வாசலில், சந்தனமும் கல்கண்டும் வைத்த மேஜைக்குப் பக்கத்தில், அந்தப் பையன் நீள லென்ஸோடு நின்றான்.

அக்கா முன்வரிசைக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை.

"அக்கா, அங்க பாரு, எவ்வளவு தூரத்துல நிக்கறான். இன்னிக்கு லென்ஸே வேற. ஒண்ணும் ஆகாது, வா."

"சொன்னது சொன்னதுதான்."

"உனக்காகத்தான் இத்தனை சேரையும் நகத்தினேன்!"

"நான் கேட்டனா?"

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. ஆள் ஆளாகத் தேடிப் போய்க் கேட்டது, டிஷ்யூ பேப்பர், டார்ச், எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. "ஒரு படத்துக்காக இவ்ளோ பிடிவாதமா? அவளை வளத்தவ நீதானே?" என்றேன். மேடையிலிருந்து என் மனைவி, "ஏங்க, எல்லாரும் பாக்கறாங்க," என்று பல்லைக் கடித்தாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

சரியாக அந்த நேரத்தில் யாரோ பந்தி போட்டாயிற்று என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான். நான் நகர்த்தி வைத்த பாதையில் கும்பல் புகுந்துவிட்டது. எனக்கு நன்றி சொல்லாததுதான் பாக்கி, அவ்வளவு வசதியாக நடந்தார்கள். அந்தப் பையன் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கும்பலை எதிர்த்து வந்தான். மேடைக்கு அடியில் நின்று வைட் லென்ஸை எடுத்தான்.

"தம்பி, வேணாம் தம்பி!"

"டைம் இல்லணா. பசியில பாதிப்பேரு கெளம்பிட்டாங்கோ. மாப்ள வூட்டுல மொறைக்கிறாங்கோ. உட்றுணா."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேடையில் மகள் என்ன நினைத்தாளோ, மாலையோடு படியிறங்கி நேராக அக்காவிடம் போனாள்.

"அத்தை, மேல வா."

"வரலடி. பையைப் பாத்துக்கணும்."

மகள் பதில் பேசவில்லை. அக்காவின் மடியிலிருந்து பையை எடுத்தாள். திரும்பி மேடைக்கு நடந்தாள். ஏறி, அதை மாப்பிள்ளையின் தோளில் மாட்டிவிட்டாள். மாலைக்கு மேலே ரெக்ஸின் பை.

"ஏய்! சாவி இருக்குடி அதுல! எல்லாரு நகையும் இருக்கு!" அக்கா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியதை அன்றுதான் பார்த்தேன்.

"நான் வச்சிருக்கேன் அத்தை," என்றார் மாப்பிள்ளை. "எங்கயும் ஓடிட மாட்டேன். இன்னிக்குத்தான் புடிச்சு வச்சிருக்கீங்க."

"உங்களை நம்பறேன் தம்பி. பையைத்தான் நம்பல. ஜிப்பு சரியில்ல."

மேடையில் சிரிப்பு. அக்கா பையின் ஒரு வாரைப் பிடித்துக்கொண்டாள். கொடுக்கச் சொன்னால் அவர் கொடுக்கவில்லை, விடச் சொன்னால் அவள் விடவில்லை. மகள் அவள் தோளைப் பிடித்துத் தனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் இழுத்து நிறுத்தினாள். பை எங்கேயோ அக்கா அங்கே, நகர வழியில்லை. ஜிப்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே நின்றாள்.

"சூப்பர், அப்டியே நில்லு!" என்று பையன் கத்தினான். "ணா, நீ இன்னா வேடிக்க பாக்கறே? ஏறு, ஓடு!"

ஓடினேன். இடம் கிடைத்த இடத்தில், சம்பந்தியின் தம்பிக்கும் அந்தப் பக்கம், வாழைமரத்தை இடித்துக்கொண்டு நின்றேன்.

படங்கள் பத்துப் பதினைந்து நாள் கழித்து என் போனுக்கு வந்தன. முதலில் அந்தப் படத்தைத் திறந்தேன். கோடியில் நான் இருக்கிறேன், என் அகலத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். நடுவில் அக்கா. வாய் பாதி திறந்திருக்கிறது, கை வாரைப் பிடித்திருக்கிறது, மகள் அவள் மேல் சாய்ந்திருக்கிறாள். ஒரு இம்மிகூட இழுபடவில்லை. அப்படியே அக்கா.

கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள்.

"கழுத்து இப்படியா சுருங்கிக் கெடக்கு எனக்கு?"

"லென்ஸ் ஒண்ணும் பண்ணலக்கா. இது நீதான்."

"தெரியுது. கடையில இருந்தப்ப இப்படியில்ல." இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். "இதுக்கு அந்த நிச்சயதார்த்தப் படமே தேவலாம் போலிருக்கு. கொஞ்சம் சதையாவது இருந்துச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. "அப்ப இதை அழிச்சுடவா? சொல்லு, இப்பவே அழிச்சுடறேன்," என்று போனுக்குக் கை நீட்டினேன்.

"தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்."

என் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்யாணமாகி அசோக் நகருக்குப் போய்விட்ட மகளிடம் தன் போனில் பேசுவது கேட்டது. "இல்லடி, கடையில கூட வேல பாத்தவளுங்களுக்கு அனுப்பணும். மொதல்ல எதை அமுக்கணும்?... அந்த அம்புக்குறி மாதிரி இருக்கே, அதுவா?... இருடி, மெதுவாச் சொல்லு."

அடையாறில் ஒரு வளைகாப்புக்கு நான் கிளம்ப வேண்டிய நேரம் அது. போக வேண்டிய வீட்டு விலாசம் என் போனில்தான் இருந்தது. கதவைத் தட்டினேன். "இருடா, இன்னும் ரெண்டு பேர் பாக்கி," என்றாள் அக்கா.